வாரம் ஒருநாள் ரயில் வரும் ஊர்

மான்செஸ்டரிலிருந்து கிழக்கே எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது டென்டன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 36,000-க்கும் அதிகமானோர் வாழும் ஊர். கடைத்தெரு, பூங்கா, பள்ளிக்கூடங்கள், 16-ஆம் நூற்றாண்டில் மரச்சட்டங்களால் எழுப்பிய ஒரு தேவாலயம், ஊரை ஒட்டியே இரண்டு பெரும் நெடுஞ்சாலைகள் என எல்லாம் அங்கே உண்டு. ரயில்வே ஸ்டேஷனும் உண்டு. ஆனால் அந்த ஸ்டேஷனுக்குப் பயணிகள் ரயில் வருவது சனிக்கிழமை காலையில் மட்டும்தான். ஸ்டேலிபிரிட்ஜிலிருந்து ஸ்டாக்போர்ட்டுக்கு ஒன்று போகும். சிறிது நேரத்தில் ஸ்டாக்போர்ட்டிலிருந்து ஸ்டேலிபிரிட்ஜுக்கு ஒன்று திரும்பும். அந்த வாரத்துக்கு அவ்வளவுதான். மற்ற நாட்களில் சரக்கு ரயில்கள் தடதடத்துக் கடந்து போகும். எதுவும் நிற்காது.

பிரிட்டனின் ரயில் மற்றும் சாலை ஒழுங்குமுறை அலுவலகம் ஒவ்வோர் ஆண்டும் ஸ்டேஷன் வாரியாகப் பயணிகள் கணக்கை வெளியிடுகிறது. 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான ஓராண்டில் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ஏறியவர்கள், இறங்கியவர்களின் மொத்த எண்ணிக்கை 9.45 கோடி. அதே பட்டியலின் அடியில் இருந்த பெயர் டென்டன். அதற்கு நேரே இருந்த எண் 54.

இப்படிப்பட்ட எண்களை ஒவ்வோர் ஆண்டும் பத்திரிகைகள் வேடிக்கைச் செய்தியாகப் போடுகின்றன. பிரிட்டனிலேயே ஆள் அண்டாத ஸ்டேஷன் என்று தலைப்பு வைத்து ஒரு படத்தையும் போட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்த 54-க்குப் பின்னால் இருப்பது வேடிக்கை இல்லை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஓர் ஊரிடமிருந்து ரயிலைப் பறித்துவிட்டு, ஸ்டேஷனை மட்டும் காகிதத்தில் உயிரோடு வைத்திருக்கும் ஒரு நிர்வாக ஏற்பாடு இது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இது நடந்துகொண்டிருக்கிறது.

தொப்பிகளின் ஊர்

டென்டன் ஒரு காலத்தில் தொப்பிகளால் பேர் பெற்ற ஊர். முயல் ரோமத்தையும் ஆட்டு ரோமத்தையும் ஆவியில் வேகவைத்து, அழுத்திக் கெட்டித்து, அச்சில் ஏற்றிச் செய்யும் ஃபெல்ட் தொப்பி அந்த ஊரின் பரம்பரைத் தொழில். முதலில் வீட்டோடு ஒட்டிய சிறு பட்டறைகளில் நடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய ஆலைகள் எழுந்தன. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது பிரிட்டனில் ஃபெல்ட் தொப்பி உற்பத்தியின் மிகப் பெரிய மையங்களில் ஒன்றாக டென்டன் இருந்தது. உயிரைக் கேட்ட தொழிலும்கூட. 1901 ஜனவரியில் வில்சன்ஸ் தொப்பி ஆலையில் நடந்த வெடிவிபத்தில் தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். ரோமத்தைப் பதப்படுத்தப் பயன்பட்ட பாதரசம், வேலை செய்தவர்களின் நரம்புகளை ஆண்டுக்கணக்கில் அரித்து, கை நடுக்கத்தோடு அவர்களை வீட்டுக்கு அனுப்பியது.

அந்த ஆலைகளுக்கு நிலக்கரி வந்ததும் தொப்பிகள் வெளியே போனதும் ரயிலில்தான். ஸ்டாக்போர்ட்டுக்கு வடக்கே ஹீட்டன் நோரிஸிலிருந்து கைடு பிரிட்ஜ் வரையிலான தடம் 1849-ல் திறக்கப்பட்டது. லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் தடம் அது. ஸ்டாக்போர்ட்டும் தொப்பி ஊர்தான். இன்று அங்கே தொப்பிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டு தொப்பி ஊர்களையும் ஒரு ரயில் தடம் இணைத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆண்கள் தொப்பி அணிவது குறைந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆனாலும் ஊர் காலியாகவில்லை. 1974-ல் டேம்சைடு மாநகரப் பகுதியோடு சேர்ந்தது. மான்செஸ்டருக்கு வேலைக்குப் போய்வரும் குடும்பங்களின் ஊராக மாறியது. அப்படிப்பட்ட ஊருக்கு ரயில் முன்னைவிடக் கூடுதலாகத் தேவைப்பட்ட நேரத்தில்தான் ரயில் விலகிப் போனது.

1989-ல் நடந்தது

1963-ல் பிரிட்டிஷ் ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் கொடுத்த அறிக்கை பிரிட்டனில் 2,363 ஸ்டேஷன்களை மூடச் சொன்னது. கிராமங்களும் சிறு நகரங்களும் அப்போது இழந்ததைப் பற்றி அந்த நாட்டில் இன்னும் பேசித் தீரவில்லை. டென்டன் அந்தக் கத்தரியில் விழாமல் தப்பியது. அதற்கு வந்த ஆபத்து வேறு வகை. அதைப் புரிந்துகொள்ள மான்செஸ்டரின் ரயில் வரைபடத்தைக் கொஞ்சம் மனதில் வரைந்துகொள்ள வேண்டும்.

மான்செஸ்டருக்கு இரண்டு பெரிய ஸ்டேஷன்கள். லண்டன், பர்மிங்ஹாம் என்று தெற்கிலிருந்து வரும் ரயில்கள் ஸ்டாக்போர்ட் வழியாகப் பிக்கடில்லி ஸ்டேஷனுக்கு வரும். லிவர்பூலிலிருந்து பென்னைன் மலைகளைத் தாண்டி ஹடர்ஸ்ஃபீல்டு, லீட்ஸ், யார்க் போகும் ரயில்கள் 1980-கள் வரை விக்டோரியா ஸ்டேஷன் வழியாக ஓடின. தெற்கிலிருந்து வந்து லீட்ஸ் போக வேண்டியவர்கள் பிக்கடில்லியில் இறங்கி, மூட்டை முடிச்சோடு நகரத்தைக் கடந்து விக்டோரியாவுக்குப் போக வேண்டும். அந்தச் சிரமம் வேண்டாமென்றால் ஒரு குறுக்கு வழி இருந்தது. ஸ்டாக்போர்ட்டிலேயே இறங்கிச் சிறிய ரயிலில் ஏறினால் ரெடிஷ் சவுத், டென்டன், கைடு பிரிட்ஜ் வழியாக ஸ்டேலிபிரிட்ஜில் கொண்டுபோய் விடும். அங்கே லீட்ஸ் ரயிலைப் பிடித்துவிடலாம்.

டென்டன் மக்களுக்குக் கிடைத்த ரயில் இதுதான். அவர்களை மனதில் வைத்து ஓட்டிய ரயில் இல்லை. இரண்டு பெரிய தடங்களுக்கு இடையே ஓடிய இணைப்பு ரயில், போகிற வழியில் அவர்கள் ஊரிலும் நின்றது. அவ்வளவுதான்.

1989 மே மாதம் பென்னைன் மலை கடக்கும் ரயில்களைக் கைடு பிரிட்ஜ் வழியாகப் பிக்கடில்லிக்கே திருப்பிவிட்டார்கள். முந்தைய ஆண்டு சால்ஃபோர்டு பக்கம் அமைத்த விண்ட்சர் இணைப்பு இந்த மாற்றங்களுக்கு வழி செய்திருந்தது. லிவர்பூலுக்கும் லீட்ஸுக்கும் இது பெரிய நன்மை. தெற்கிலிருந்து வருகிறவர் இனி பிக்கடில்லியிலேயே நடைமேடை மாறி ஏறிக்கொள்ளலாம். ஸ்டாக்போர்ட் ஸ்டேலிபிரிட்ஜ் இணைப்பு ரயிலுக்கு வேலை இல்லாமல் போனது. சில ஆண்டுகளுக்குள் அது வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் ஒரே திசையில் மட்டும் ஓடும் ரயிலாகச் சுருங்கியது.

ஒரே திசை என்பதன் பொருளைச் சற்று யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ஸ்டாக்போர்ட்டிலிருந்து ஸ்டேலிபிரிட்ஜுக்கு ஒரு ரயில் போகும். அந்தத் தடத்தில் அது திரும்பி வராது. டென்டனில் ஏறுகிறவர் ரயிலில் ஊர் திரும்ப முடியாது. ஸ்டாக்போர்ட்டிலிருந்து வந்து டென்டனில் இறங்குகிறவரும் வந்த வழியே போக முடியாது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு இப்படித்தான் ஓடியது. 2018 மே மாதம்தான் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றி, இரு திசைகளிலும் ஒவ்வொன்றாக ஆக்கினார்கள். இந்தத் தடத்தின் அண்மைக்கால வரலாற்றில் முன்னேற்றம் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

ஏன் மூடவில்லை?

வாரத்துக்கு ஒரு ரயில் ஓட்டுவதற்கு மூடிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். இங்கேதான் பிரிட்டிஷ் சட்டம் வருகிறது.

பயணிகள் சேவையை முழுமையாக நிறுத்த வேண்டுமென்றால் 1962-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டப்படி முன்கூட்டி அறிவிக்க வேண்டும். அந்த ரயிலில் போகிற யாரும் ஆட்சேபிக்கலாம். பயணிகள் ஆலோசனைக் குழு கூடி, மூடினால் மக்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டறிய வேண்டும். இறுதி முடிவு அமைச்சருடையது. 2005-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் நடைமுறை மாறினாலும், ஆய்வறிக்கை, 12 வாரக் கருத்துக் கேட்பு, ஒழுங்குமுறை அலுவலகத்தின் ஒப்புதல் என்று படிகள் இருக்கவே செய்கின்றன.

ரயிலை முழுக்க நிறுத்தினால்தான் இந்தப் படிகளெல்லாம். வாரத்துக்கு ஒன்று ஓடினால் சட்டத்தின் பார்வையில் சேவை தொடர்கிறது. எவரிடமும் விளக்கம் சொல்ல வேண்டாம், எந்தக் கூட்டமும் நடத்த வேண்டாம். அன்றாட ரயிலை வாராந்தர ரயிலாகக் குறைப்பதற்கு அப்படிப்பட்ட தடை எதுவும் இல்லை. மக்களைக் காப்பதற்காக எழுதிய சட்டத்துக்குள் இப்படி ஒரு வாசல் திறந்தே கிடக்கிறது.

இந்த வகை ரயில்களுக்கு நாடாளுமன்ற ரயில் என்று பெயர். பேய் ரயில் என்றும் சொல்வார்கள். முதல் பெயருக்குப் பின்னால் இருப்பது 1844-ஆம் ஆண்டுச் சட்டம். பின்னாளில் நான்கு முறை பிரதமரான கிளாட்ஸ்டன் அப்போது வர்த்தக வாரியத்தின் தலைவர். மூன்றாம் வகுப்புப் பயணிகளைத் திறந்த வண்டிகளில் மழையிலும் பனியிலும் ஏற்றிச் சென்ற காலம் அது. ஒவ்வொரு தடத்திலும் நாளுக்கு ஒரு ரயிலாவது ஓட வேண்டும், எல்லா ஸ்டேஷனிலும் நிற்க வேண்டும், மணிக்கு 12 மைல் வேகமாவது போக வேண்டும், பெட்டிக்குக் கூரை வேண்டும், கட்டணம் மைலுக்கு ஒரு பென்னியைத் தாண்டக் கூடாது என்று அந்தச் சட்டம் கட்டளையிட்டது. ஏழைத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சம் இவ்வளவாவது கொடு என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்திய சட்டம். அதே பெயரை இன்று, இவ்வளவுக்கு மேல் கொடுக்க மாட்டோம் என்று ஓட்டும் ரயில்கள் சுமக்கின்றன.

1989-ஆம் ஆண்டுக்கு இந்தக் கதையில் இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. வட இங்கிலாந்தின் செட்டில் கார்லைல் தடத்தை மூட 1980-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ரயில் நிறுவனம் அறிவிப்பு கொடுத்தது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். 22,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. கட்டணம் செலுத்திப் பயணம் செய்த ஒரு நாயின் காலடித் தடமும் அவற்றில் ஒன்றாகப் பதிவானது. கடைசியில் 1989 ஏப்ரலில் அரசு பின்வாங்கியது. அடுத்த மாதம்தான் டென்டன் ரயிலுக்கு வேலை இல்லாமல் போனது. மூடுகிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னால் என்ன நடக்கும் என்று அந்த நேரத்தில் ரயில்வே அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டே போவது எளிது என்ற பாடத்தை அவர்கள் படித்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

இது டென்டனோடு நிற்கும் பழக்கமும் இல்லை. ஸ்டாஃபோர்டுஷயரின் நார்ட்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனுக்கு 2004-ல் ரயிலை நிறுத்தி, பதிலுக்குப் பேருந்து விட்டார்கள். சட்டப்படி மூடியது 2017-ல். தென்கரையில் நியூஹேவன் மரைன் என்றொரு ஸ்டேஷன். பாதுகாப்பில்லை என்று 2006-ல் பொதுமக்களை உள்ளே விடுவதை நிறுத்தினார்கள். அதன் பிறகும் யாரும் ஏற முடியாத ரயில் ஒன்று அந்த நடைமேடைக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. 2020-ல்தான் அதற்கு முடிவு வந்தது. படிக்கும்போது சிரிப்பு வரலாம். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஊழியரின் நேரம், டீசல், தடத்தில் கிடைத்த இடம் எல்லாம் ஒரு விசாரணையைத் தவிர்ப்பதற்காகச் செலவாகியிருக்கின்றன.

ஆளில்லாத நடைமேடை

டென்டன் ஸ்டேஷனில் ஊழியர் கிடையாது. பழைய கட்டடங்கள் போய்விட்டன. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே தீவு போல ஒரே நடைமேடை. சாலையிலிருந்து படிக்கட்டில் இறங்கித்தான் அதை அடைய வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய்க்கும் வழி இல்லை. டிக்கெட்டை ரயிலில் ஏறிய பிறகு கண்டக்டரிடம் வாங்கிக்கொள்ளலாம். கேட்டால்தான் ரயில் நிற்கும். நடைமேடையில் நிற்கிறவர் ஓட்டுநருக்குக் கை காட்ட வேண்டும். இறங்க வேண்டியவர் கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஊழியர் இல்லாத ஸ்டேஷன் என்பது பிரிட்டனில் புதிதில்லை. 1960-களிலிருந்து செலவைக் குறைக்கச் சிறு ஸ்டேஷன்களில் ஆட்களை எடுத்துவிட்டார்கள். அவற்றில் பல இன்றும் நன்றாகவே இயங்குகின்றன. மணிக்கொரு ரயில் வந்தால் ஆளில்லாத நடைமேடையில் நிற்பது பெரிய குறையாகத் தெரியாது. ஆனாலும் ஸ்டேஷனில் ஒரு மனிதர் இருப்பதை அந்த மக்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதற்கு 2023 சாட்சி. இங்கிலாந்தின் பெரும்பாலான டிக்கெட் கவுண்டர்களை மூட அந்த ஆண்டு ரயில் கம்பெனிகள் திட்டம் போட்டன. கருத்துக் கேட்பில் சுமார் ஏழரை லட்சம் பேர் எழுதினார்கள். மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் முன்னணியில் நின்றார்கள். அக்டோபர் இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. முறையாகக் கேட்டால் மக்கள் பதில் சொல்வார்கள். டென்டன்காரர்களிடம் அப்படி யாரும் கேட்கவில்லை.

ஸ்டேஷன் இருக்கும் இடமும் வசதியானது இல்லை. ஊரின் மையமான கிரவுன் பாயிண்டிலிருந்து மேற்கே தள்ளி, எம்60, எம்67 நெடுஞ்சாலைகள் சந்திக்கும் பெரிய ரவுண்டானா அருகே இருக்கிறது. எம்67 சாலை மான்செஸ்டரையும் ஷெஃபீல்டையும் இணைக்கும் பெருவழியாகப் போடத் திட்டமிட்டது. சில மைல்களோடு நின்றுவிட்டது. டென்டனுக்கு அது கொண்டுவந்தது வாகன நெரிசலும் இரைச்சலும் புகையும். காரில் போனால் நெரிசல், மஞ்சள் நிறப் பேருந்தில் போனாலும் அதே நெரிசல். நெரிசலே இல்லாத தண்டவாளம் காலடியில் கிடக்கிறது. அதில் மக்கள் போவதற்கு வண்டி இல்லை.

செடி வைக்கும் கைகள்

அந்த ஸ்டேஷனைக் கைவிடாதவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்கள். டென்டன் ஸ்டேஷன் நண்பர்கள் என்று ஒரு குழு. அடுத்த ஸ்டேஷனான ரெடிஷ் சவுத்துக்கும் அதேபோல் ஒரு குழு. தொட்டிகளில் செடி வைக்கிறார்கள், குப்பை பொறுக்குகிறார்கள், ரெடிஷ் சவுத்தில் சுவரோவியம் தீட்டியிருக்கிறார்கள். ரயில் நிர்வாகத்துக்கும் அரசியல்வாதிகளுக்கும் விடாமல் கோரிக்கை வைக்கிறார்கள். வாரத்தில் இரண்டே ரயில் நிற்கும் நடைமேடைக்குத் தண்ணீர் ஊற்றிப் பூ வளர்ப்பதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! அந்த மனிதர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

1983 முதல் 2024 வரை டென்டன் அண்ட் ரெடிஷ் என்ற பெயரிலேயே ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. இரண்டு ஊர்களின் பெயரையும் தாங்கிய தொகுதி. அந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் ரயில் தொகுதி இருந்த காலத்தின் பெரும்பகுதியும் வாரத்துக்கு ஒன்று. தேர்தலுக்குத் தேர்தல் பேசியும் தீராத கோரிக்கை இது. தொகுதி எல்லையை மாற்றி எழுதிய பிறகும் கால அட்டவணை மாறவில்லை.

ரயில் ஆர்வலர்களையும் சொல்ல வேண்டும். இந்தத் தடத்தில் பயணம் செய்கிறவர்களில் கணிசமானோர் தூரத்திலிருந்து வருகிறவர்கள். அபூர்வமான ரயிலில் ஒருமுறை போய்விட வேண்டும் என்ற ஆசையில் கேமராவோடு வருவார்கள். ஸ்டேலிபிரிட்ஜ் ஸ்டேஷனில் விக்டோரியா காலத்து மதுக்கூடம் ஒன்று இன்னும் பழைய அழகோடு நடக்கிறது. அதற்காகவே இந்த ரயிலைப் பிடிக்கிறவர்களும் உண்டு. இவர்களால் எண்ணிக்கை கொஞ்சம் ஏறும். கேம்பிரிட்ஜ்ஷயரில் ஷிப்பியா ஹில் என்றொரு ஸ்டேஷன் 2015-16-ல் 12 பேரோடு பட்டியலின் அடியில் இருந்தது. செய்தி பரவியதும் மறு ஆண்டே 156 ஆனது. டென்டனும் கடைசி இடத்தைத் தக்கவைக்கவில்லை. 2024-25 பட்டியலில் நாட்டிங்காம்ஷயரின் எல்டன் அண்ட் ஆர்ஸ்டன் அடிக்குப் போனது. டென்டனில் ரயில் கூடியதா என்றால் இல்லை.

எண்ணிக்கை என்னும் சாக்கு

அந்த 54-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஏறுவதும் இறங்குவதும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். போய்த் திரும்புகிற ஒருவர் இரண்டாகப் பதிவாவார். ஆண்டுக்கு 52 சனிக்கிழமை, நாளுக்கு இரண்டு ரயில், ஆக 104 ரயில்கள். சராசரியாக இரண்டு ரயிலுக்கு ஒருவர். இதைக் காட்டி, பாருங்கள், டென்டனில் யாரும் ரயில் ஏறுவதில்லை என்கிறார்கள்.

யார் ஏறுவார்கள்? ஸ்டாக்போர்ட்டில் வேலை பார்க்கிறவருக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை ரயில் வேண்டும். ஸ்டெப்பிங் ஹில் மருத்துவமனைக்குப் போகிறவர் சனிக்கிழமைக்காகக் காத்திருக்க முடியாது. கல்லூரி மாணவர் வாரத்தில் ஒருநாள் காலையில் வகுப்புக்குப் போய் என்ன படிப்பார்? மாலையில் கடைக்கோ சினிமாவுக்கோ போக நினைத்தாலும் ரயில் இல்லை. பயன்படுத்தவே முடியாத ஒன்றை யாரும் பயன்படுத்தவில்லை என்று குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ரயிலை விட்டால் மக்கள் வருவார்களா என்ற கேள்விக்கு இங்கிலாந்திலேயே பதில் இருக்கிறது. தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் ஓக்ஹாம்ப்டன் என்ற சிற்றூர். டென்டனில் மூன்றில் ஒரு பங்குகூட மக்கள் இல்லாதது. 1972-ல் அன்றாட ரயிலை இழந்தது. பின்னாளில் கோடைக்கால ஞாயிறுகளில் மட்டும் ரயில் ஓடியது. 2021 நவம்பரில், சுமார் 4 கோடி பவுண்டு செலவில் தடத்தைச் சீரமைத்து, தினசரி சேவையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு மே மாதம் மணிக்கொரு ரயில் ஆனது. முதல் ஆண்டிலேயே எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான பயணிகள் வந்தார்கள். ஞாயிறு ரயில் மட்டும் ஓடிய காலத்துப் பயணிகள் கணக்கை வைத்து முடிவெடுத்திருந்தால் அந்த ஊர் இன்னும் பேருந்து நிறுத்தத்தில்தான் நின்றுகொண்டிருக்கும்.

ஓக்ஹாம்ப்டனில் தண்டவாளத்தையே மாற்றிப் போட வேண்டியிருந்தது. டென்டனில் அந்தச் செலவு இல்லை. சரக்கு ரயில்கள் ஓடுவதால் தடம் பராமரிப்பில் இருக்கிறது. நடைமேடை இருக்கிறது. ஸ்டாக்போர்ட்டும் ஸ்டேலிபிரிட்ஜும் பெரிய ஸ்டேஷன்கள். முன்னதில் லண்டன் ரயிலும், பின்னதில் லீட்ஸ் ரயிலும் கிடைக்கும்.

தடை இல்லாமல் இல்லை. அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்டாக்போர்ட்டுக்கும் பிக்கடில்லிக்கும் இடையிலான தடம் வட இங்கிலாந்தின் நெரிசலான தடங்களில் ஒன்று. டென்டன் ரயில் அந்தத் தடத்துக்குள் நுழைந்துதான் ஸ்டாக்போர்ட் சேர வேண்டும். ஸ்டாக்போர்ட்டில் விக்டோரியா காலத்து சிக்னல் அறைகளில் இன்னமும் கையால் நெம்புகோல் இழுத்து ரயில்களை அனுப்புகிறார்கள். அங்கே நடைமேடையும் நேரமும் ஒதுக்குவது எளிதான வேலையில்லை. கைடு பிரிட்ஜ் சந்திப்பிலும் இடம் குறைவு. ஆனால் இவை பொறியாளர்களும் அட்டவணை போடுகிறவர்களும் உட்கார்ந்து தீர்க்கக்கூடிய சிக்கல்கள். முப்பது ஆண்டுகளாக உட்காராமல் இருந்ததற்கு அவை காரணமாக முடியாது. டென்டன் வழியாகக் கிளைத் தடத்தில் மான்செஸ்டர் விக்டோரியா ஸ்டேஷனுக்கு ரயில் விடலாம் என்ற யோசனையும் அந்தப் பகுதியில் நெடுநாளாகப் பேசப்படுகிறது.

முடிவெடுக்க வேண்டியவர்கள் யார் என்பதிலும் இப்போது குழப்பம் இல்லை. இந்த ரயிலை ஓட்டும் நார்தர்ன் நிறுவனம் 2020 மார்ச் முதல் அரசின் கையில் இருக்கிறது. எனவே லாபம் தேடும் தனியார் கம்பெனி என்று விரல் நீட்ட முடியாது. கிரேட்டர் மான்செஸ்டரில் பேருந்துகள் எல்லாம் 2025 ஜனவரியோடு மக்கள் நிர்வாகத்துக்கு வந்துவிட்டன. அடுத்து உள்ளூர் ரயில்களையும் அதே வலைக்குள் கொண்டுவரும் வேலை தொடங்கியிருக்கிறது. பேருந்தும் டிராமும் ரயிலும் ஒரே கட்டணம், ஒரே வண்ணம் என்று பேசுகிறவர்கள், அந்த வரைபடத்தில் டென்டன் ஸ்டேஷனை எப்படி வரையப் போகிறார்கள்? புள்ளி வைத்துவிட்டு, சனிக்கிழமை மட்டும் என்று அடிக்குறிப்பு போடுவார்களா?

டென்டன் மக்கள் கேட்பது அதிகமில்லை. திங்கள் முதல் சனி வரை மணிக்கு ஒரு ரயில். இரு திசைகளிலும். இரண்டு ஆண்டுகளுக்கு அதை ஓட்டிப் பார்க்கட்டும். அதன் பிறகு தலைகளை எண்ணட்டும். அப்போதும் இரண்டு ரயிலுக்கு ஒருவர்தான் ஏறுகிறார் என்றால், சட்டம் சொல்கிறபடி ஊரைக் கூட்டி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, வெளிப்படையாக மூடட்டும். இந்த இரண்டில் எதையும் செய்யாமல் இன்னும் ஒரு தலைமுறையை ஓட்டுவது அந்த ஊருக்குச் செய்யும் அநீதி.

மான்செஸ்டர் பக்கம் படிக்கவோ வேலைக்கோ போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை காலையை டென்டனுக்குக் கொடுங்கள். ஒழுங்குமுறை அலுவலகத்தின் கணக்கில் ஒவ்வொரு டிக்கெட்டும் பதிவாகிறது. போவதற்கு முன் நார்தர்ன் நிறுவனத்தின் கால அட்டவணையை மறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் அடுத்த ரயில் ஏழு நாள் கழித்துத்தான்.